முடி சூட்டிய கைகள்: பாண்டியர் வாரிசுப் போரும் மூன்று கல்வெட்டுகளும்



அறக்கட்டளைச் சொற்பொழிவில் முதலில் கொடையாளரை வாழ்த்துவது மரபு. அந்த வாழ்த்தைப் பேசுபொருளுக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். இன்று பேசப்போவது சுமார் எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மதுரை அரியணைக்காகப் பாண்டிய இளவரசர்கள் நடத்திய போரைப் பற்றி. அதைப் பாடிய பரணி எதுவும் நம் கைக்கு வரவில்லை. தமிழ்ப் பக்கத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தியில் பெரும்பகுதி மூன்று கல்வெட்டுகளில் இருக்கிறது. மூன்றுமே நிலக்கொடை ஆவணங்கள். யாருக்கோ நிலம் விட்டார்கள். ஏன் விட்டோம் என்று காரணம் வெட்டி வைத்தார்கள். அந்தக் காரணத்தோடு போரும் கல்லில் ஏறிவிட்டது. கொடை இல்லையென்றால் இந்த வரலாறே இல்லை. கொடுத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வாழ்த்து எனக்குத் தெரியவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். அரியணைக்குச் சண்டை என்றால் முடி யாருக்குப் போயிற்று என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அந்த முடியை எடுத்துச் சூட்டிய கை யாருடையது, அதற்கு அந்தக் கை என்ன கூலி வாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கதை முழுதாகத் தெரியும். பாண்டியர் கதையும் அப்படித்தான். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிங்கப்பூர்த் தீவின் கதையும் அப்படித்தான்.

மதுரை முற்றுகை

பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பாண்டிய நாடு சோழருக்கு அடங்கியதாகவும் இருந்தது, அடங்காததாகவும் இருந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்துக்குப் பின் பாண்டிய மரபினர் தத்தம் பகுதியைத் தாமே ஆண்டுகொண்டு, சோழ மேலாண்மையை ஒப்புக்கு ஏற்றிருந்தார்கள். ஒரே குலத்தில் பலர் ஒரே காலத்தில் முடி சூடி ஆள்வது அவர்களிடையே வழக்கம். குலம் ஒற்றுமையாக இருந்தால் அதுவே பலம். மனம் கசந்தால், ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே ஒரு முடியும் ஒரு படையும் தயாராக இருக்கும்.

1160-களின் பிற்பகுதியில் மதுரையில் இருந்தவன் பராக்கிரம பாண்டியன். அதே குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த குலசேகர பாண்டியன் படையோடு வந்து மதுரையை வளைத்தான். உள்ளே அகப்பட்டுக்கொண்ட பராக்கிரமன் உதவி கேட்டு அனுப்பிய தூது சோழனிடம் போகவில்லை. கடல் கடந்து இலங்கையின் பொலன்னறுவைக்குப் போயிற்று. அங்கே ஆண்டவன் முதலாம் பராக்கிரமபாகு.

அந்தத் தேர்வுக்குக் காரணம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற ராஜசிம்ம பாண்டியன் ஓடி ஒளிந்த இடம் இலங்கை. தன் குலத்து முடியையும் ஆபரணங்களையும் அங்கேயே அடைக்கலமாக வைத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். அந்த முடி பல பத்தாண்டுகள் இலங்கையில் இருந்தது. அதைக் கைப்பற்றியதை முதலாம் ராஜேந்திர சோழன் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். உறவும் இருந்தது. பராக்கிரமபாகுவின் தந்தைவழிப் பாட்டனே ஒரு பாண்டிய இளவரசன். இலங்கை அரசன் விஜயபாகுவின் தங்கை மித்தாவை மணந்தவன். இன்னொன்றும் உண்டு. பராக்கிரமபாகு 1153-இல் அரியணை ஏறியதே தன் உறவினர்களான கஜபாகுவோடும் மானாபரணனோடும் நீண்ட காலம் போரிட்டுத்தான். வாரிசுப் போர் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

படை கிளம்பும் முன்பே மதுரை விழுந்தது. பராக்கிரம பாண்டியனை மனைவி மக்களோடு குலசேகரன் கொன்றுவிட்டான். உதவி கேட்டவன் இறந்துவிட்டான். படையைத் திருப்பி அழைத்திருக்கலாம். பராக்கிரமபாகு அழைக்கவில்லை. மதுரையைப் பிடித்து, செத்தவனின் வாரிசு ஒருவனை அங்கே அமர்த்துங்கள் என்று தன் தளபதி இலங்காபுரனுக்கு உத்தரவிட்டான். இந்தப் போரில் என் கவனத்தை முதலில் இழுப்பது இந்த இடம்தான். அழைத்தவன் போன பிறகும் அழைப்பு மட்டும் உயிரோடு இருந்தது.

குந்துகால் கோட்டை

இலங்காபுரனின் படையெடுப்பை விரிவாகச் சொல்வது பாலி மொழியில் எழுதப்பட்ட இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம். இராமேசுவரம் பிடிபட்டது. அடுத்து குந்துகால் என்ற இடத்தில் பராக்கிரமபுரம் என்று ஒரு கோட்டை எழுந்தது. கல்மதில், பன்னிரண்டு வாயில், மூன்று அகழி என்று நூல் அளவு சொல்கிறது. பாம்பனை ஒட்டிய குந்துகாலே அது என்று கொள்வது வழக்கம். 1897-இல் மேலை நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் கரையேறிய இடமும் அதுதான்.

உறவினனுக்கு உதவ வந்த படை, போகிற வழியில் இவ்வளவு உறுதியான கோட்டையை ஏன் கட்டுகிறது? சூளவம்சம் தரும் மற்றச் செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். பிடித்த நாட்டில் பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசு புழங்க விடப்பட்டது. சிறைப்பட்ட தமிழர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அனுராதபுரத்தில் தமிழர்களால் சிதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெருந்தூபியைப் புதுப்பிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள். ஒருவன் காசும் கோட்டையும் கைதிகளும் ஒரு நாட்டில் வந்து சேர்ந்துவிட்டால், அங்கே முடி சூடியிருப்பவன் பெயர் என்னவாக இருந்தால்தான் என்ன?

கொலையுண்ட பராக்கிரமனின் இளைய மகன் வீரபாண்டியன் தப்பி மலைநாட்டில் ஒளிந்திருந்தான். இலங்காபுரன் அவனை வரவழைத்து மதுரையில் முடி சூட்டினான். குலசேகரன் விடவில்லை, படை திரட்டித் திரும்பத் திரும்ப வந்தான். இலங்கையிலிருந்து ஜகத்விஜயன் என்ற இன்னொரு தளபதி துணைப்படையோடு வந்தான். இராமநாதபுரத்துக் கரையோரமும் உள்நாட்டுச் சிற்றூர்களும் மாறி மாறி எரிந்தன. கடைசியில் குலசேகரன் சோழனிடம் ஓடினான்.

சூளவம்சம் வெற்றியோடு கதையை முடிக்கிறது. பிடிபட்ட குதிரைகளும் யானைகளும் இலங்கைக்குப் போயின. பாண்டிய வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயகம் என்று ஓர் ஊர் உண்டாக்கப்பட்டு அந்தணர்களுக்கு அளிக்கப்பட்டது. அங்கேயும் ஒரு கொடை!

ஆர்ப்பாக்கத்தில் 28 நாள்

இனித் தமிழ்ப் பக்கம். காஞ்சிபுரத்துக்கு அருகில் ஆர்ப்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கேயுள்ள கல்வெட்டு சோழ அரசன் இரண்டாம் ராஜாதிராஜனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எதிரிலிசோழச் சம்புவராயர் என்ற சிற்றரசர் கவலையில் இருக்கிறார். ஈழப்படை பாண்டிய நாட்டைப் பிடித்துவிட்டது. இராமேசுவரம் கோயில் கதவை அடைத்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தொண்டி, பாசி முதலிய இடங்களில் சோழப் படை மோதியும் பயனில்லை. சோழ நாட்டு மக்களே அச்சத்தில் இருக்கிறார்கள். சம்புவராயர் உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரிடம் போய் முறையிடுகிறார். அவர் 28 நாள் அகோர சிவபூசை செய்கிறார். பிறகு போர்முனையிலிருந்து சோழப் படைத்தலைவர் பல்லவராயரின் கடிதம் வருகிறது: ஈழத் தளபதிகள் தோற்று ஓடினார்கள். ஆசாரியருக்கு ஆர்ப்பாக்கம் ஊரே காணிக்கை ஆனது.

பூசையால் போர் திரும்பியதா என்று விவாதிக்க நான் வரவில்லை. நான் பார்ப்பது அந்தக் கவலையை. ஆர்ப்பாக்கத்திலிருந்து தொண்டி எவ்வளவு தொலைவு! தென்கோடியில் இரண்டு உறவினர்கள் போட்டுக்கொண்ட சண்டைக்காகத் தொண்டை மண்டலத்தில் ஒருவர் தூக்கமின்றி இருக்கிறார். கோயிலில் நின்றுபோன பூசையும் கடற்கரையில் எரிந்த ஊர்களும் மக்களை எப்படிக் கலக்கின என்பதை எந்த மெய்க்கீர்த்தியும் இவ்வளவு நெருக்கமாகச் சொல்லவில்லை.

ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை கவனியுங்கள். தொண்டி, பாசிப்பட்டினம், அடுத்த கட்டத்தில் வரப்போகும் ஊராத்துறை, அதாவது ஊர்காவற்றுறை, மாதோட்டம், வலிகாமம். சிராங்கூன் சாலைக் கடைகளிலும் சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயில் வாசலிலும் நின்று, உங்கள் முன்னோர் எந்த ஊர் என்று கேட்டால் இந்தப் பெயர்களில் பாதியாவது காதில் விழும். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இருந்த மக்கள் இந்தப் போரில் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இங்கே ஒரே வரிசையில் அமர்ந்து இதைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி.

கதவில் அறைந்த தலைகள்

மயிலாடுதுறைப் பக்கம் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு ராஜாதிராஜனின் எட்டாம் ஆண்டைச் சேர்ந்தது. சோழப் படையை நடத்திய பெருமானம்பிப் பல்லவராயர் இறந்த பின், அவர் குடும்பத்தாருக்கு நிலம் விட்டதைச் சொல்வது. அதன்படி, பல்லவராயர் ஈழப்படையை முறியடித்து, இலங்காபுரன் உள்ளிட்ட தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்து, குலசேகரனை மறுபடி மதுரையில் அமர்த்தினார்.

சூளவம்சத்தில் வெற்றிவீரனாக விடைபெறும் அதே இலங்காபுரனின் தலை இங்கே கதவில் தொங்குகிறது. எதை நம்புவது? ஒரு பக்கம் பொய், மறுபக்கம் மெய் என்று தீர்ப்பு எழுத அவசரப்படக் கூடாது. சூளவம்சக்காரர் தன் அரசனின் புகழ் உச்சியில் இருக்கும்போது ஏட்டை மூடிவிட்டார். அதற்குப் பின் நடந்தது அவருக்கு வேண்டாம். கல்வெட்டை வெட்டியவர் சோழப் படை பட்ட முதல் தோல்விகளை ஓரிரு சொல்லில் தாண்டிவிட்டார். அவருக்கு வேண்டியது செத்துப்போன சேனாபதியின் குடும்பத்துக்கு நிலம் சேர வேண்டிய நியாயம். முதல் பாதிக்குச் சூளவம்சமும் பின் பாதிக்குக் கல்வெட்டும் சாட்சி என்று வைத்து, நீலகண்ட சாஸ்திரி முதலிய அறிஞர்கள் கதையைக் கோத்திருக்கிறார்கள். தோற்றவனின் மௌனம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது வரலாறு படிக்கும் மாணவனுக்கு நல்ல பயிற்சி. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும் வாய்ப்பை நம் பள்ளி மாணவர்களுக்கு யாராவது உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

பக்கம் மாறிய பாண்டியர்கள்

மூன்றாவது சான்று திருவாலங்காட்டில் இருக்கிறது. நீலி கதை வழங்கும் பழையனூருக்குப் பக்கத்து ஊர். ராஜாதிராஜனின் பன்னிரண்டாம் ஆண்டில், அண்ணன் பல்லவராயன் என்ற இன்னொரு தளபதிக்கு நிலம் இறையிலியாக விட்டதைப் பதிவது. நாடகத்தின் அடுத்த அங்கம் முழுக்க இதில்தான்.

தோல்வியை ஏற்காத பராக்கிரமபாகு ஊராத்துறையிலும் வலிகாமத்திலும் மாதோட்டத்திலும் படை சேர்த்துக் கப்பல் கட்டினான். சோழர் என்ன செய்தார்கள் தெரியுமா? இலங்கை அரியணைக்கு உரிமை பேசிக்கொண்டு தங்களிடம் வந்திருந்த ஸ்ரீவல்லபனை, பராக்கிரமபாகுவின் மருமகனை, படையோடு அங்கே அனுப்பினார்கள். ஊராத்துறை முதலிய இடங்கள் அழிக்கப்பட்டன, யானைகள் பிடிபட்டன. மதுரையில் இலங்கை செய்ததை யாழ்ப்பாணக் கரையில் சோழர் திருப்பிச் செய்தார்கள். எதிரி வீட்டுப் பங்காளியைக் கண்டுபிடித்து, அவன் கையில் வாளைக் கொடுக்கும் அதே தந்திரம்.

பராக்கிரமபாகு சளைத்தவனா? வாளுக்குப் பதில் பரிசை அனுப்பினான். சோழர் தயவில் மதுரையில் அமர்ந்திருந்த குலசேகரனோடும் அவன் அதிகாரிகளோடும் கடிதப் போக்குவரத்து நடந்தது. குலசேகரன் சாய்ந்துவிட்டான். சோழ ஆதரவாளர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். வாயிலில் அறைந்திருந்த ஈழத் தளபதிகளின் தலைகளை அகற்றினான். கடிதங்களும் பரிசுகளும் சோழர் கையில் அகப்பட்டன. அண்ணன் பல்லவராயன் படையோடு வந்து குலசேகரனை விரட்டினான். விரட்டிவிட்டு யாரை அமர்த்தினான்? முன்பு இலங்கை முடி சூட்டிய அதே வீரபாண்டியனை!

கதை அதோடும் நிற்கவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் 1178-இல் பட்டத்துக்கு வந்தான். சில ஆண்டுகளில் வீரபாண்டியனும் இலங்கைப் பக்கம் சாய்ந்தான். சோழர் விக்கிரம பாண்டியன் என்ற மூன்றாமவனைத் தேடிப் பிடித்து மதுரையில் அமர்த்தினார்கள். இழந்ததை மீட்க வீரபாண்டியன் நெட்டூரில் போரிட்டுத் தோற்றான். கடைசியில் அவன் அடிபணிந்தபோது, அவன் முடிமீது சோழன் காலை வைத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்பதைக் குலோத்துங்கன் தன் பட்டமாகவே ஆக்கிக்கொண்டான்.

பராக்கிரமன், குலசேகரன், வீரன், விக்கிரமன். இரு தலைமுறைக்குள் நான்கு பேர். பெயர்களை மறந்தாலும் பாதகமில்லை. தாயக்கட்டத்தில் காய் மாறியது, உருட்டியவர்கள் இருவர்தான். ஒருவர் பொலன்னறுவையில், மற்றவர் சோழ நாட்டில். இளவரசர்கள் பக்கம் மாறினார்கள் என்று அவர்களை நன்றிகெட்டவர்கள் ஆக்குகின்றன கல்வெட்டுகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் கையால் முடி சூடியவனுக்கு அந்தக் கையை உதறினால்தான் அரசன் என்ற பெயர் நிற்கும்; உதற இன்னொரு கை வேண்டும். ஒவ்வொருவனும் அகப்பட்டது அந்தச் சுழலில்தான்.

பல்லவராயர் செய்த இன்னொரு வேலை

இப்போது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக்குத் திரும்புவோம். மதுரைப் போரைச் சொல்வதற்கு முன்பே அது வேறொரு செய்தியைச் சொல்கிறது. என் பேச்சின் அச்சாணி அதுதான்.

சோழ நாட்டிலும் அப்போது வாரிசுச் சிக்கல் இருந்தது. இரண்டாம் ராஜராஜனுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். அரசன் தன் இறுதிக் காலத்திலேயே, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து விக்கிரம சோழனின் பேரன் ஒருவனை வரவழைத்து, இளவரசாக முடி கவித்தான். அரசன் இறந்ததும் ஆபத்து சூழ்ந்தது. பல்லவராயர் குழந்தைகளைப் பரிவாரத்தோடு ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார். சில ஆண்டுகள் கழித்து, முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவனை ராஜாதிராஜன் என்ற பெயரில் முறைப்படி அரசனாக்கினார்.

மதுரையில் பராக்கிரமனின் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்தளியில் ராஜராஜனின் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரே காலம். இரண்டு அரச குலங்களில் ஒன்று மற்றதை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஆட்டிப்படைத்ததற்குப் படைபலம் மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை. அரசன் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவன் யார் என்று ஊரறிய முடி கவிப்பது சோழரிடம் பழைய வழக்கம். 1012-இல் முதலாம் ராஜராஜன் ராஜேந்திரனுக்கும், 1018-இல் ராஜேந்திரன் தன் மகனுக்கும் அப்படியே செய்தார்கள். வழக்கம் இருந்தால் மட்டும் போதாது. இரண்டாம் ஆதித்தன் கொலையும், அதிராஜேந்திரனுக்குப் பின் நடந்த குழப்பமும் சோழர் வீட்டிலும் நடந்தவைதான். வழக்கத்தை நிறைவேற்ற, முடி மேல் தனக்கு ஆசையில்லாத ஒருவர் அரண்மனைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். பல்லவராயர் அப்படி ஒருவர். அதனால்தான் சோழரின் முடியைச் சூட்டும் கை சோழ நாட்டுக்குள்ளேயே இருந்தது.

கை சுட்ட கதை

முடி சூட்டும் கைக்கும் ஒரு நாள் கணக்கு வரும். 1205-ஐ ஒட்டி மூன்றாம் குலோத்துங்கன் மறுபடி மதுரைக்குப் போய்ப் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். அந்த அவமானத்தைப் பார்த்து வளர்ந்தவன் மாறவர்மன் சுந்தர பாண்டியன். 1216-இல் பட்டத்துக்கு வந்தவன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். சோழர் மண்டபங்கள் இருந்த மண்ணைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. இடிபாட்டுக்கு நடுவே ஒன்றை மட்டும் அவன் விட்டுவைத்தான்: பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபம். திருவெள்ளறையில் உள்ள பாட்டுக் கல்வெட்டு அப்படிச் சொல்கிறது. பிறகு பொன்னமராவதிக்கு வந்து பணிந்த சோழனுக்கு அவன் முடியையே திருப்பிக் கொடுத்தான். சூட்டிய கை, சூட்டிக்கொள்ளும் தலை ஆயிற்று. 1279-க்குப் பிறகு சோழர் பெயரே மறைந்துபோயிற்று.

பாண்டியராவது பாடம் கற்றார்களா? 1290-களில் அந்த நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி சொல்கிறார். அரச சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வாள் எடுக்கும்போதெல்லாம் தாய் நடுவில் வந்து நின்று, உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று கத்தியைக் காட்டி நிறுத்துவாளாம். அவள் போன பிறகு இவர்கள் அடித்துக்கொண்டு அழிவார்கள் என்றும் சொல்லிவைத்தார். 1310-இல் முன்னவர்களின் பெயரையே தாங்கிய வேறு இருவர், சுந்தர பாண்டியனும் வீரபாண்டியனும், மோதினார்கள். சுந்தரன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். 1311-இல் மாலிக் கஃபூரின் படை மதுரைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேணாட்டு ரவிவர்மனும் காகதீயப் படையும் தில்லிப் படையும் வரிசையாக வந்தார்கள். தாயின் கத்தியைத் தவிர வேறு வாரிசுச் சட்டம் அந்த வீட்டில் இருக்கவில்லை.

நம் தெருவுக்குப் பக்கத்தில்

இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று இங்கே பிறந்த இளைஞர்கள் நினைக்கலாம். முதலில் பக்கத்து ஜாவாவைப் பாருங்கள். மஜாபாகித் பேரரசின் மேலை அரசன் விக்கிரமவர்தனனும் கீழை அரசன் வீரபூமியும் 1404 முதல் 1406 வரை போரிட்டார்கள். பரேக்ரெக் போர் என்று அதற்குப் பெயர். அந்தச் சமயம் அங்கே கரையிறங்கிய சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் ஆட்கள் 170 பேர் இடையில் அகப்பட்டு மாண்டார்கள். சீனப் பேரரசர் 60,000 பொன் அளவு நட்டஈடு கேட்டார், 10,000 செலுத்தப்பட்டது. வென்ற விக்கிரமவர்தனனுக்கு வந்த முதல் வரவேற்பு அந்தக் கடன்சீட்டு.

இன்னும் அருகே வாருங்கள். நாம் இருக்கும் தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நடந்தால் கம்போங் கிளாம். அங்கே உள்ள பழைய அரண்மனை ஒரு வாரிசுச் சண்டையின் சின்னம். 1812-இல் ஜொகூர்-ரியாவ் சுல்தான் மகமூது இறந்தார். மூத்த மகன் உசேன் திருமணத்துக்காகப் பகாங்கில் இருந்தார். அவர் இல்லாத நேரத்தில் பூகிஸ் தலைவர்கள் தம்பி அப்துல் ரஹ்மானைச் சுல்தான் ஆக்கினார்கள். அரச சின்னங்கள் பெனெங்காட் தீவில் இருந்த எங்கு புத்ரி ஹமிதாவிடம் இருந்தன. மறைந்த சுல்தானின் பட்டத்தரசி அவர். தம்பிக்குத் தர மறுத்துவிட்டார். சின்னங்கள் இன்றி முடிசூட்டு நிறைவேறாது.

அந்த இடைவெளியில்தான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் நுழைந்தார். உசேனை இந்தத் தீவுக்கு வரவழைத்து, 1819 பிப்ரவரி 6 அன்று சுல்தான் என்று அறிவித்து, அதே நாளில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தீவின் உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங்குக்கு 3,000. கம்பெனிக்கு இங்கே வணிகத்தளம் அமைக்கும் உரிமை. டச்சுக்காரர்கள் தங்கள் பக்கத்துத் தம்பிக்காக 1822-இல் எங்கு புத்ரியிடமிருந்து அரச சின்னங்களை வலுக்கட்டாயமாகப் பறித்தார்கள். 1824 மார்ச்சில் லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் உடன்படிக்கை செய்து, ஒரு பேரரசைக் கடலின் நடுவே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் உசேன் தீவையே எழுதிக் கொடுத்தார். 1835-இல் மலாக்காவில் இறந்தார். அண்ணனும் சுல்தான், தம்பியும் சுல்தான். ஆட்சி மட்டும் இருவரிடமும் இல்லை.

குந்துகாலில் கோட்டை, இங்கே வணிகத்தளம். அங்கே பராக்கிரமபாகு காசு, இங்கே ஸ்பானிய டாலர். இரண்டுக்கும் நடுவில் 650 ஆண்டுகள் இருந்தாலும் வேலை நடந்த விதம் ஒன்றே. 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், சூலியா முஸ்லிம்களின் ஜாமே பள்ளிவாசல், பிறகு சிராங்கூன் சாலை என்று நம் மக்கள் இங்கே வேரூன்றியதற்கு வாசல் திறந்தது அந்த வாரிசுச் சண்டைதான். சண்டையால் கெட்டவர்கள் ஒரு பக்கம், பிழைத்தவர்கள் ஒரு பக்கம். நாம் பிழைத்தவர்களின் பக்கம். அதனாலேயே கெட்டவர்களின் கதையை நாம் ஒழுங்காகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முடிவாக

நான்கு பாண்டியர், இரண்டு சுல்தான்கள். அவர்களில் யாரும் கோழை இல்லை. வீரபாண்டியன் கடைசிவரை போராடினான். எங்கு புத்ரியின் உறுதியை இன்றும் பெனெங்காட் தீவில் பேசுகிறார்கள். குறைவாக இருந்தது வீரம் அல்ல. அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவைத்த ஏற்பாடும், அந்த ஏற்பாட்டைக் காக்கத் தனக்கென ஒன்றும் கேட்காத ஒரு மனிதரும் இல்லாமல் போனதுதான் குறை. அரண்மனைகள் போய்விட்டாலும் இந்தக் குறை போய்விடவில்லை. கோயில் நிர்வாகம், சங்கம், குடும்பத் தொழில் எதுவானாலும் தலைமை கைமாறும் நேரம் வருகிறது. அப்போது உள்ளே பேசித் தீர்க்க ஆள் இல்லாவிட்டால், தீர்த்துவைக்க வெளியே இருந்து வருகிறவர் தன் கூலியை எடுத்துக்கொண்டுதான் போவார்.

நம் நூல்கள் தஞ்சையை எரித்தவனையும் மதுரையை இடித்தவனையும் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கின்றன. இரண்டு கைக்குழந்தைகளைக் காப்பாற்றி, நாட்டைச் சண்டையில்லாமல் அடுத்தவனிடம் ஒப்படைத்த பெருமானம்பிப் பல்லவராயர் பெயர் எத்தனை மாணவருக்குத் தெரியும்? ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் குலோத்துங்கனுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால், பல்லவராயருக்கு அரைப் பாடவேளையாவது ஒதுக்குங்கள்.